ரோசாப்பு துரைக்கு வந்த கடிதம்

மதுரைக்கும் காந்திக்கும் என்ன சம்பந்தம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மேலமாசி வீதி வீடு, 1921 செப்டம்பர் 22, அரையாடை. சின்ன வகுப்பிலிருந்தே கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம். அதை விட்டால் தமுக்கம் காந்தி மியூசியம், அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் ரத்தக்கறை படிந்த துணி. அவ்வளவுதான்.

ஆனால் நம் ஊரில் வக்கீல் தொழில் செய்த ஒருவருக்குக் காந்தி எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. தேதி 1924 ஏப்ரல் 6. வைக்கம் பற்றி அதில் இருப்பது சில வரிகள்தான். அந்தச் சில வரிகள் எழுப்பிய கேள்வி, நூறு வருடம் தாண்டியும் அப்படியே நிற்கிறது.

ஒரு அநியாயத்தை எதிர்த்துப் போராட யாருக்கு உரிமை? அதை அனுபவிக்கிறவருக்கு மட்டுமா? செய்கிற கூட்டத்தில் பிறந்து மனம் மாறியவருக்கு மட்டுமா? இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிற எல்லோருக்குமா?

கடிதத்தை வாங்கியவர் பெயர் ஜார்ஜ் ஜோசப். உசிலம்பட்டிப் பக்கம் போய் இந்தப் பெயரைச் சொன்னால் சிலருக்குத் தெரியாமல் போகலாம். ரோசாப்பு துரை என்று சொல்லுங்கள், தெரியும்!

யார் இந்த ஜார்ஜ் ஜோசப்?

1887-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், செங்கன்னூரில் பிறந்தவர். சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். புகழ்பெற்ற பத்திரிகையாளர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, எடின்பரோவில் தத்துவம் படித்து, லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி, 1909-ல் ஊர் திரும்பினார். கொஞ்ச காலம் சென்னையில் இருந்துவிட்டு அதே வருடம் மதுரைக்கு வந்து தொழில் தொடங்கினார். அதன் பிறகு இடையில் எங்கெங்கோ போனாலும் அவருக்கு ஊர் என்றால் மதுரைதான்.

சீமையில் படித்த பாரிஸ்டர் கோர்ட்டு, கிளப்பு என்று சௌகரியமாக இருந்திருக்கலாம். இவர் இருக்கவில்லை. ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்தார். இந்தியாவின் கோரிக்கையை இங்கிலாந்தில் போய்ப் பேச அன்னி பெசன்ட் அனுப்பியவர்களில் இவரும் ஒருவர். 1918-ல் கப்பல் ஜிப்ரால்டர் போனதும் ஆங்கில அரசு இவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டது. அதே வருடம் டாக்டர் வரதராஜுலு நாயுடு மீது மதுரையில் பேசிய பேச்சுக்காக வழக்கு வந்தபோது, ராஜாஜியோடு சேர்ந்து அவருக்காக வாதாடினார். ஹார்வி மில் தொழிலாளர்கள் சங்கம் வைத்தபோது அதிலும் இவர் பங்கு உண்டு. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தி முதல் முறையாக மதுரை வந்தபோது தங்கியது இவருடைய வீட்டில்.

ஆக, 1924-ல் கடிதம் எழுதியவரும் வாங்கியவரும் முன்பின் தெரியாதவர்கள் இல்லை. ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிச் சாப்பிட்டவர்கள்.

ரேகைச் சட்டம்

ரோசாப்பு துரை என்ற பெயர் வந்த கதைக்குப் போவோம்.

1911-ல் வெள்ளைக்கார அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் இதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். ஒரு ஆள் திருடினானா இல்லையா என்பது கேள்வியே இல்லை. இன்ன சாதியில் பிறந்தாலே குற்றவாளி! மதுரைக்கு மேற்கே உள்ள பிரமலைக் கள்ளர்கள் மீது இந்தச் சட்டம் பாய்ந்தது. ஆண்கள் ரேகை பதிய வேண்டும். ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். ஊரை விட்டுப் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும்.

இதை எதிர்த்து எழுதியவர், கோர்ட்டில் வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப். 1920 ஏப்ரல் 3-ம் தேதி, ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அந்தக் காலகட்டம் முழுக்க அந்த மக்களுக்கு மதுரையில் கிடைத்த பெரிய துணை இந்த மலையாளத்துப் பாரிஸ்டர்தான்.

ஜோசப் என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ரோசாப்பு என்று சொல்லிப் பாருங்கள். தூரம் அதிகமில்லை! அந்த மக்கள் அவரைத் தங்கள் நாக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கும் அவர் பெயரை வைத்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் கள்ளர் இல்லை. இந்து இல்லை. தமிழ் தாய்மொழியும் இல்லை. "உங்களுக்கு இதில் என்ன வேலை?" என்று அந்த மக்களில் யாரும் அவரைக் கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்துக்கு வரும்போது தேவைப்படும்.

பேனா பிடித்த வருடங்கள்

ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலை விட்டார். அலகாபாத்துக்குப் போய், மோதிலால் நேரு நடத்திய இண்டிபெண்டன்ட் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். 1921 டிசம்பரில் கைது. அவர் இடத்துக்குக் காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாய் வந்தார். அரசாங்கம் அச்சகத்தையே முடக்கியது. மகாதேவ் தேசாய் அசரவில்லை. பத்திரிகையைக் கையாலேயே எழுதி, சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்து வெளியிட்டார். கையெழுத்துக்கு எவ்வளவு பலம் பாருங்கள்! அவரையும் பிடித்து உள்ளே போட்டார்கள்.

லக்னோ சிறையில் ஜோசப்போடு இருந்தவர்களில் ஜவகர்லால் நேரு, மகாதேவ் தேசாய், புருஷோத்தம் தாஸ் டாண்டன், தேவதாஸ் காந்தி ஆகியோர் உண்டு. 1923-ல் வெளியே வந்தார். அப்போது காந்தி எரவாடா சிறையில் இருக்கிறார். காந்தியின் சொந்தப் பத்திரிகையான யங் இந்தியாவை அதுவரை ராஜாஜி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு ஜார்ஜ் ஜோசப் கையில் வந்தது.

அதாவது காந்தி இல்லாதபோது காந்தியின் பேனாவைப் பிடித்தவர் இவர். 1924 ஜனவரியில் காந்திக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது, பிப்ரவரி 5-ல் விடுதலையானார். பம்பாய்க்குப் பக்கத்தில் ஜுஹு கடற்கரையில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டார். ஏப்ரல் முதல் வாரத்தில் யங் இந்தியாவை மறுபடி தன் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில் எழுதியதுதான் நம் கடிதம்.

வைக்கம் தெரு

வைக்கத்தில் என்ன பிரச்சினை? கோயிலுக்குள் போவதல்ல. பலரும் இங்கே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதுதான் பிரச்சினை. ஈழவர், புலையர் முதலானோர் அந்தத் தெருக்களுக்குள் வரக் கூடாது என்று பலகையே வைத்திருந்தார்கள். ஆனால் கிறிஸ்தவர் போகலாம், முஸ்லிம் போகலாம். நாய், மாடு போகலாம்.

1924 மார்ச் 30-ல் சத்தியாகிரகம் தொடங்கியது. தினம் மூன்று பேர் அந்தப் பலகையைத் தாண்டி நடக்கப் போவார்கள். முதல் நாள் போனவர்கள் ஒரு புலையர், ஒரு ஈழவர், ஒரு நாயர். போலீஸ் கைது செய்யும். மறுநாள் அடுத்த மூன்று பேர்.

இப்போது ஜார்ஜ் ஜோசப்பின் நிலையைப் பாருங்கள். அவர் சிரியன் கிறிஸ்தவர். அந்தத் தெருவில் அவர் எப்போது வேண்டுமானாலும் தாராளமாக நடக்கலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். யாருக்காகப் போராடினாரோ அவர்களுக்குத்தான் அனுமதி இல்லை. தான் நடக்கிற தெருவில் பக்கத்தில் நிற்கிறவன் நடக்க முடியவில்லை என்பதுதான் அவர் கண்ட அநியாயம். அவர் இதை மத விஷயமாகப் பார்க்கவே இல்லை. பொதுத் தெரு, குடிமக்கள், உரிமை. அவ்வளவுதான் அவர் கணக்கு.

கடிதம் சொன்னது

ஏப்ரல் 6-ம் தேதிக் கடிதத்தில் காந்தி சொன்னதன் சாரம் இது. வைக்கம் வேலையை இந்துக்கள் செய்யும்படி விட்டுவிடுங்கள். தங்களைச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள். நீங்கள் அனுதாபத்தால் உதவலாம், பேனாவால் உதவலாம். ஆனால் இயக்கத்தை நடத்த வேண்டாம், சத்தியாகிரகம் செய்யவே வேண்டாம். நாக்பூர் காங்கிரஸ் தீர்மானத்தைப் பாருங்கள், தீண்டாமையை ஒழிக்கும்படி அது கேட்பது இந்து உறுப்பினர்களைத்தான். கூடவே இன்னொரு வரி. இந்த நோய் சிரியன் கிறிஸ்தவர்களையும் தொற்றியிருக்கிறது என்று ஆண்ட்ரூஸ் சொல்லித் தெரிந்து ஆச்சரியப்பட்டேன் என்கிறார்.

அந்தக் கடைசி வரி ரொம்பக் கூர்மையானது. உங்கள் வீட்டையும் கொஞ்சம் பாருங்கள் என்பதை அதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது.

கடிதம் எழுதிய மறுநாள், ஏப்ரல் 7-ல், கே.பி.கேசவ மேனனும் டி.கே.மாதவனும் கைதானார்கள். தலைமை தாங்க ஆள் வேண்டும். ஜார்ஜ் ஜோசப் முன்னால் வந்தார். போலீஸ் தெருவை மறித்துவிட்டுக் கைது செய்வதை நிறுத்தியதும் தொண்டர்கள் பட்டினி கிடக்கத் தொடங்கினார்கள். அதற்கும் காந்தி ஜோசப்புக்குப் பதில் அனுப்பினார். பட்டினி வேண்டாம், கைதாகும் வரை மாற்றி மாற்றி நில்லுங்கள் அல்லது உட்காருங்கள் என்றார். ஏப்ரல் 11-ல் ஜோசப்பும் கைது. இயக்கத்தை நடத்த வேண்டாம் என்று கடிதம் எழுதி ஐந்தே நாள்!

மே மாதம் அந்தக் கடிதத்தின் விஷயம் யங் இந்தியாவில் அச்சானது. ஒரு நண்பருக்கு எழுதிய தனிக் கடிதம் ஊருக்கே கொள்கை விளக்கம் ஆகிவிட்டது. அதுவும் ஜோசப் ஆசிரியராக இருந்து நடத்திய அதே பத்திரிகையில், அவர் சிறையில் இருக்கும்போது. அவர் அதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

காந்தி பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் அது வரலாறு ஆகாது, வழக்கு ஆகிவிடும்.

முதலாவது, காந்திக்குத் தீண்டாமை என்பது சட்டப் பிரச்சினை மட்டும் இல்லை, பாவம். பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்ய வேண்டியவன் பாவம் செய்தவன். என் பாவத்துக்கு நீ பட்டினி கிடந்தால் என் மனம் எப்படி மாறும்? சாதி இந்து ஒருவன் தானே வந்து அந்தப் பலகையைப் பிடுங்க வேண்டும், அப்போதுதான் அது திரும்ப முளைக்காது என்பது அவர் நம்பிக்கை.

இரண்டாவது, காலம். 1921 மலபார் கலவரம் நடந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. வடக்கே இந்து முஸ்லிம் உறவு கெட்டுக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஒரு கிறிஸ்தவர் தலைமையில் கோயில் வாசலில் போராட்டம் என்றால், "எங்கள் மதத்தை அழிக்க வந்துவிட்டார்கள்" என்று வைதீகர்கள் கிளப்பிவிடுவது சுலபம். தெரு விஷயம் மறைந்து மதச் சண்டை மட்டும் மிஞ்சும். பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்து வைக்கத்தில் இலவசச் சாப்பாட்டுக் கூடம் நடத்தியபோது அதையும் காந்தி விரும்பவில்லை. ஜோசப்புக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி என்று அவர் வைக்கவில்லை.

ஆனாலும் எனக்கு இடிக்கிற இடம் ஒன்று உண்டு. கோயிலும் தெருவும் ஒன்றா? கருவறைக்கு முன்னால் யார் நிற்கலாம் என்பது அந்தக் கோயிலில் கும்பிடுகிறவர்கள் தீர்க்க வேண்டிய விஷயம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். தெரு அப்படியா? அந்தத் தெருவில் நடக்கிற கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பலகையைக் காக்க நின்ற போலீஸ், சமஸ்தான அரசின் போலீஸ். அந்த அரசின் குடிமகன் ஒருவன் "என் அரசு செய்வது அநியாயம்" என்று சொல்ல அவன் என்ன மதம் என்று ஏன் பார்க்க வேண்டும்?

ரேகைச் சட்டத்துக்கும் இதே அளவுகோலை வைத்திருந்தால் பெருங்காமநல்லூர்க்காரர்களுக்கு ரோசாப்பு துரை கிடைத்திருக்கவே மாட்டார்.

இன்னொரு கடிதம்

இந்தக் கதையில் இரண்டாவது கடிதம் ஒன்று இருக்கிறது. தலைவர்கள் எல்லாம் உள்ளே போனதும் போராட்டம் ஆட்டம் கண்டது. நீங்கள் வந்து நடத்தித் தராவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று ஈரோட்டுக்கு ஒரு கடிதம் போனது. அனுப்பியவர்கள் கேசவ மேனனும் ஜார்ஜ் ஜோசப்பும் என்று பெரியார் பிற்காலத்தில் மேடைகளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். அந்தச் சமயம் அவர் மதுரை மாவட்டத்தில்தான் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்பது நமக்கு ஒரு கூடுதல் செய்தி. உடம்பு சரியில்லாத நிலையிலும் புறப்பட்டு ஏப்ரல் 13-ல் வைக்கம் போய்ச் சேர்ந்தார். இரண்டு முறை சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையாரும் போராட்டத்தில் இறங்கினார்.

ஒரே வாரத்தில் இரண்டு கடிதம். ஒன்று, "இது உங்கள் வேலை இல்லை" என்றது. இன்னொன்று, "நீங்கள் வந்தால்தான் ஆகும்" என்றது. முதலாவதை வாங்கியவர் பெயரே இரண்டாவதை எழுதியவர்களில் இருக்கிறது. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் சேர்த்துப் படித்ததில்லை.

பிறகு என்ன நடந்தது?

1924 ஆகஸ்டில் மூலம் திருநாள் மகாராஜா காலமானார். ஆட்சிப் பொறுப்பேற்ற மகாராணி சேது லட்சுமி பாய் கைதிகளை விடுவித்தார். 1925 மார்ச்சில் காந்தியே வைக்கம் வந்தார். வைதீகர்களின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியைப் பார்க்க அவர் மனைக்குப் போனார். வைசியரான காந்திக்கு வீட்டுக்குள் இடமில்லை, வெளியே தனியாக உட்கார வைத்துத்தான் பேசினார்கள். பேச்சு பலிக்கவில்லை. பிற்காலத்தில் அதே மனை கள்ளிறக்கும் தொழிலாளர்களின் சங்க அலுவலகம் ஆனது! வரலாறு சில சமயம் இப்படிச் சிரிக்கும்.

1925 நவம்பரில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன, கிழக்குப் பக்கம் தவிர. கோயில்களே திறந்தது 1936 நவம்பர் 12-ம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில்தான்.

ஜார்ஜ் ஜோசப் மதுரைக்குத் திரும்பி மறுபடி வக்கீல் தொழில் பார்த்தார். காங்கிரசை விட்டு விலகினார், 1930-களில் திரும்ப வந்தார். 1937-ல் மத்திய சட்டசபைக்குப் போனார். 1938 மார்ச் 5-ல் மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 50தான். அவர் எதிர்த்த ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947-ல். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் போன அடுத்த வருடம், 1939 ஜூலை 8-ம் தேதி, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு நுழைந்தார் வைத்தியநாதய்யர். அவரும் மதுரை வக்கீல்தான். காந்தி கேட்ட மாதிரியே ஒரு சாதி இந்து, தன் வீட்டைத் தானே சுத்தம் செய்தது இது. 1934-ல் மதுரை வந்தும் அந்தக் கோயிலுக்குள் போக மறுத்த காந்தி, 1946-ல் வந்தபோது உள்ளே போய்க் கும்பிட்டார்.

ஆக, ஒரே ஊரின் இரண்டு வக்கீல்கள் இரண்டு வழியைக் காட்டியிருக்கிறார்கள். கோயில் கதவை உள்ளேயிருந்து திறந்தவர் ஒருவர். தன்னைத் தடுக்காத தெருவுக்காக ஜெயிலுக்குப் போனவர் மற்றவர். காந்தியின் கடிதம் முதல் வழிக்குப் பொருத்தமான கடிதம். அது போய்ச் சேர்ந்ததோ இரண்டாவது வழியில் நடந்துகொண்டிருந்த மனிதரிடம். காந்தி சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தவறான விலாசத்துக்குப் போன சரியான கடிதம் என்றுதான் சொல்லுவேன்.

வைத்தியநாதய்யர் பெயர் நமக்குப் பாடத்தில் வந்தது, வர வேண்டியதுதான். ரோசாப்பு துரை பெயர் கிராமத்தில் பிள்ளைகளின் பெயராக மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கும் எங்காவது ஒரு ஊரில் தெருவிலோ டீக்கடையிலோ சுடுகாட்டுப் பாதையிலோ ஒருவனைத் தடுக்கும்போது, வெளியாள் ஒருவர் வாயைத் திறந்தால் முதலில் வரும் கேள்வி, "நீ யாரு, உனக்கு என்ன இதுல?" என்பதுதான். அதற்கு நூறு வருடத்துக்கு முன்னாலேயே மதுரையில் ஒருவர் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், கடிதத்தில் இல்லை, ஜெயிலுக்குப் போய்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே? காந்தி சொன்னபடி பேனாவோடு நின்றிருக்க வேண்டுமா ஜோசப்?